30 நொடி விளம்பரம் 30.03 நொடியாக வருகிறது: கிளிப் நீளத்தைச் சரியாக வைப்பது எப்படி?

பொதிகைச்சாரல் | திங்கள், காலை 9:40

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றுக்குத் தீபாவளி விளம்பரம் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். உள்ளூர் கேபிள் சேனலில் ஓடப்போவது. அவர்கள் கேட்டது மூன்றே விஷயம்: சரியாக 30 நொடி, நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்), 1920×1080.

கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்கிறேன். கைபேசியில் எடுத்த கடைக் காட்சி இரண்டு, புடவைப் படங்கள் நான்கு, ஆக ஆறு கிளிப். ஒவ்வொன்றும் 5 நொடி என்றால் கணக்கு சரியாக வர வேண்டும். ஆனால் மௌஸால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் 4:28-இல் (4 நொடி, 28 பிரேம்) நிற்கிறது, இல்லையென்றால் 5:02-க்குத் தாவுகிறது. டைம்லைனை, அதாவது கிளிப்களை அடுக்கும் பட்டையை, நன்றாகப் பெரிதாக்கி, மூச்சைப் பிடித்து ஒவ்வொன்றாக 5:00-க்குக் கொண்டு வந்தேன். கடைசியில் 30:00 என்று காட்டியது. அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. 30.03 நொடி இருக்கிறதாம், பிரேம் ரேட்டும் தவறாம்.

டைம்லைன் 30:00 என்கிறது, அவர்கள் 30.03 என்கிறார்கள். எதை நம்புவது? வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

வெட்டுமேசை | திங்கள், காலை 10:25

தம்பி, உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. "4:28-இல் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். 25 பிரேம் திட்டத்தில் அந்தக் கடைசி எண் 24-ஐத் தாண்டவே தாண்டாது. 4:24-க்கு அடுத்தது 5:00. 28 என்ற எண் கண்ணில் பட்டால் உங்கள் திட்டம் 30 பிரேமிலோ 29.97-இலோ ஓடுகிறது என்று அர்த்தம்.

30.03 வந்ததால் 29.97 என்றே சொல்லிவிடலாம். டைம்லைனில் 30:00 என்பது அங்கே 900 பிரேம். 900-ஐ 29.97-ஆல் வகுத்துப் பாருங்கள், 30.03 வரும். டைம்லைன் பொய் சொல்லவில்லை, சேனலும் பொய் சொல்லவில்லை. நீங்கள் நொடி என்று படித்தது உண்மையில் பிரேம் எண்ணிக்கை.

எடிட்டிங் மென்பொருளுக்குள் நொடி என்ற ஒன்று கிடையாது. பிரேம்தான் உண்டு. நாம் படிக்க வசதியாக அதை நொடியாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. அதைவிடச் சின்னதாகப் படத்தை வெட்ட முடியாது. அதனால் நீளம் வைப்பதற்கு முன் பிரேம் ரேட்டை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பிறகு எவ்வளவு கவனமாக இழுத்தாலும் பயனில்லை.

முதல் கிளிப்பைப் போட்டபோது ஏதாவது கேள்வி கேட்டதா?

பொதிகைச்சாரல் | திங்கள், காலை 10:41

ஆமாம் அண்ணா! கைபேசிக் காட்சியைத்தான் முதலில் சேர்த்தேன். திட்டத்தின் அமைப்பை இந்தக் கிளிப்புக்கு ஏற்ப மாற்றட்டுமா என்று ஒரு செய்தி வந்தது. சரி என்று அழுத்திவிட்டேன்.

வெட்டுமேசை | திங்கள், காலை 11:02

அதேதான். ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளிலும் வீடியோ மோடு தானியங்கியில் இருந்தால் முதலில் போடும் கிளிப்பின் பிரேம் ரேட்டையே எடுத்துக்கொள்ளும். டாவின்சி ரிசால்வில் இன்னும் கண்டிப்பு: டைம்லைனில் காட்சியை இறக்கிய பிறகு திட்டத்தின் பிரேம் ரேட்டை மாற்றவே விடாது.

பழைய திட்டத்தைத் திருத்தப் போகாதீர்கள். 29.97-இல் வைத்த வெட்டுகளை 25-க்குக் கொண்டு போனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் இடம் பெயரும். ஆறு கிளிப்தானே, புதிதாக ஆரம்பியுங்கள். 1920×1080, 25 பிரேம் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். அந்தக் கேள்வி மறுபடி வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கைபேசிக் காட்சி. பெரும்பாலான கைபேசிகள் சீரான பிரேம் ரேட்டில் பதிவதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து பாருங்கள், பிரேம் ரேட் மோடு "வேரியபிள்" என்று இருக்கும். அதை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு "கான்ஸ்டன்ட்" தேர்ந்தெடுத்து 25-இல் எடுத்துக்கொண்டு பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டு வாருங்கள். உதடும் சொல்லும் ஒட்டாமல் போகும் சிக்கல் பாதி இதனால்தான் வருகிறது.

நேரம் இருந்தால் கடைக் காட்சிகளைத் திரும்ப எடுப்பதே நல்லது. 30-ஐ 25 ஆக்கும்போது ஆறு பிரேமுக்கு ஒன்று போகும், கேமராவை நகர்த்தி எடுத்த இடங்களில் ஒரு தத்தல் தெரியும். ஐஃபோனாக இருந்தால் கேமரா அமைப்பில் "பால்" (PAL, நம் ஊர்த் தொலைக்காட்சி முறை) வகைகளைக் காட்டச் சொன்னால் 25 வரும். கடையில் ட்யூப் லைட் இருந்தால் இதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கின் துடிப்பு 25-உடன் ஒத்துப்போகும். 30-இல் எடுத்தால் படம் மினுங்க வாய்ப்பு அதிகம்.

கரிசல்மண் | திங்கள், மதியம் 1:15

அண்ணன் அடித்தளத்தைச் சொல்லிவிட்டார். நான் அந்த இழுக்கிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன். மௌஸால் இழுத்து நீளம் வைக்க வேண்டியதே இல்லை, எண்ணைத் தட்டச்சு செய்யலாம்.

கேடென்லைவில் கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து "எடிட் டியூரேஷன்" போங்கள். கிளிப் எங்கே தொடங்குகிறது, முன்னால் எவ்வளவு வெட்டியிருக்கிறது, நீளம் எவ்வளவு, பின்னால் எவ்வளவு வெட்டியிருக்கிறது என்று நான்கு கட்டங்கள் இருக்கும். நீளத்தில் 00:00:05:00 என்று கொடுத்தால் முடிந்தது. குறைத்தால் பின்னால் ஒரு இடைவெளி விழும், அதை மறக்காமல் மூடுங்கள். ஒரே ஒரு பிரேம் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது கறுப்பாக ஒரு வெட்டு வெட்டும்.

மற்றவற்றில்:

ரிசால்வ்: கன்ட்ரோல் + டி.
பிரீமியர் புரோ: கன்ட்ரோல் + ஆர். அங்கே ஒரு கவனம், கீழே தனியாகச் சொல்கிறேன்.
ஃபைனல் கட் புரோ: மேக்கில் அதே கன்ட்ரோல் + டி. 5 போட்டு ஒரு புள்ளி வைத்தால் 5 நொடி 0 பிரேம் என்று எடுத்துக்கொள்ளும்.
ஷாட்கட்: படத்தைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்டீஸ் பகுதியில் நீளக் கட்டம்.

பிரீமியரில் கவனம் என்றேனே, காரணம் அந்தக் கட்டத்தில் வேகமும் நீளமும் சங்கிலியால் பிணைந்திருக்கும். புகைப்படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஓடும் காட்சிக்கு நீளத்தை மாற்றினால் காட்சியை வெட்டாது, அதே காட்சியை இழுத்தோ சுருக்கியோ அந்த நீளத்தில் அடைத்துவிடும். சங்கிலியை அவிழ்த்துவிட்டு மாற்ற வேண்டும். கேடென்லைவிலும் கன்ட்ரோலை அழுத்தியபடி ஓரத்தை இழுத்தால் வேகம்தான் மாறும். இதே தவறை நான் ஒரு காதணி விழா வீடியோவில் செய்திருக்கிறேன். தாய்மாமன் பேச்சு 8 விழுக்காடு மெதுவாகப் போய், அவர் உடம்பு சரியில்லாமல் பேசியது போல் கேட்டது. வீட்டார் ரொம்ப வருத்தப்பட்டார்கள்.

இன்னொன்று. நாற்பது ஐம்பது படங்கள் என்றால் ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். சேர்ப்பதற்கு முன்பே அமைப்பில் புகைப்படத்தின் இயல்பு நீளத்தை மாற்றிவிடுங்கள். கேடென்லைவில் அது 5 நொடி, ஷாட்கட்டில் 4, ஓபன்ஷாட்டில் 10. முன்பு எல்லோரும் வைத்திருந்த விண்டோஸ் மூவி மேக்கரில் 7. கேடென்லைவிலும் பிரீமியரிலும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட படங்களை இந்த மாற்றம் தொடாது, அவற்றை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும்.

அடிக்கணக்கு | திங்கள், மாலை 6:50

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1980களின் கடைசியில் கோடம்பாக்கத்தில் உதவி எடிட்டராக இருந்தேன். எங்களுக்கு நீளம் என்பது அடி. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் என்பதால் ஒரு நொடி ஒன்றரை அடி, ஒரு நிமிடம் 90 அடி. 5 நொடி ஷாட் என்றால் ஏழரை அடி, கையால் இழுத்து அளந்துவிடலாம். 30 நொடி விளம்பரம் 45 அடி. ஃபிலிம் ஓரத்தில் அடிக்கு ஒரு எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணையும் அதிலிருந்து எத்தனையாவது பிரேம் என்பதையும் நோட்டில் குறித்து வைப்போம்.

வெட்டி எடுத்த துண்டு ஒற்றைப் பிரேமாக இருந்தாலும் தூக்கிப் போட மாட்டோம், மேசைக்குப் பக்கத்தில் துணித் தொட்டிக்கு மேலே கொக்கியில் தொங்கும். எடிட்டர் "ரெண்டு பிரேம் கொடு" என்று கேட்டால் அந்த இரண்டு பிரேமைத் தேடி எடுத்து ஒட்ட வேண்டும். அப்போது யாரும் நொடி என்று பேசி நான் கேட்டதில்லை. பிரேமைக் கையால் தொட்டதால் அது ஒரு பொருள் என்று தெரியும். இப்போது திரையில் ஓரத்தை இழுக்கும் பிள்ளைகளுக்கு அது தெரிய வழியில்லை, அவர்களைக் குறை சொல்லிப் பயனும் இல்லை.

வெட்டுமேசை சொன்ன பிரேம் ரேட் கணக்கின் பெரிய உதாரணம் ஒன்று. 24-இல் எடுத்த சினிமாவை 25-இல் ஓடும் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது பிரேமுக்குப் பிரேம் அப்படியே ஓட்டுவது வழக்கம். இரண்டரை மணி நேரப் படம், அதாவது 150 நிமிடம், 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பிரேம்கூட வெட்டவில்லை, ஆனால் 6 நிமிடம் குறைந்துவிட்டது.

மல்லிகைப்பந்தல் | திங்கள், இரவு 8:05

ஐயா, அந்த ஏழரை அடிக் கணக்கைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. இன்னும் எழுதுங்கள்.

பொதிகைச்சாரல் | செவ்வாய், மாலை 4:30

புதிய திட்டம், 25 பிரேம், கடைக் காட்சிகளையும் 25-இல் திரும்ப எடுத்துவிட்டேன். எல்லா நீளத்தையும் தட்டச்சு செய்தேன். டைம்லைன் 30:00, பிரேமாக மாற்றிப் பார்த்தால் 750. சந்தோஷமாக ரெண்டர் செய்து, அதாவது முழு வீடியோக் கோப்பாக்கி, பார்த்தால் 30.02 நொடி என்கிறது கணினி! இப்போது எங்கே தவறு?

வெட்டுமேசை | செவ்வாய், மாலை 5:12

பயப்படாதீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஒலி டிராக்கில் பாட்டின் வால் 30:00-ஐத் தாண்டி நீண்டிருக்கிறதா? ரெண்டர் செய்யும்போது எந்த டிராக்கில் எது கடைசியாக முடிகிறதோ அதுவரை போகும். படம் 30-இல் முடிந்து பாட்டு 32-இல் முடிந்தால் கடைசி 2 நொடி கறுப்புதான்.

ஆனால் உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன், அப்படியிருந்தால் வித்தியாசம் பிரேம் பிரேமாக வந்திருக்கும். 0.02 என்பது அரைப் பிரேம். படத்தால் அரைப் பிரேம் நீள முடியாது. ஒலியால் முடியும்.

எம்பி4 கோப்பில் ஒலி பெரும்பாலும் ஏஏசி என்ற சுருக்கு முறையில் இருக்கும். அது ஒலியை 1,024 மாதிரிகள் (ஒலியின் சின்னஞ்சிறு அளவீடுகள்) கொண்ட பொட்டலமாகக் கட்டும், பாதிப் பொட்டலம் கட்டாது. உங்கள் ஒலி நொடிக்கு 48,000 மாதிரி, 30 நொடிக்கு 14,40,000. 1,024-ஆல் வகுத்தால் 1,406.25. அந்தக் கால் பொட்டலத்துக்காக முழுப் பொட்டலம் ஒன்று சேரும், 1,407. அதன் நீளம் 30.016 நொடி. படம், ஒலி இரண்டில் எது நீளமோ அதையே கோப்பின் நீளமாகக் கணினி காட்டும். அதுதான் உங்கள் 30.02.

மீடியாஇன்ஃபோவில் வீடியோ பகுதியை மட்டும் தனியாகப் பாருங்கள். 30 நொடி 0 மில்லிநொடி என்று இருந்தால் படம் சரி. சேனலுக்கு அனுப்பும்போது "750 பிரேம்" என்று எழுதி அனுப்புங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம்-ஆக எம்ஓவி கோப்பில் கொடுங்கள். 48,000-ஐ 25-ஆல் வகுத்தால் சரியாக 1,920, பிரேமுக்கு இத்தனை மாதிரி என்று மீதியில்லாமல் போகும்.

வேகவண்டி | செவ்வாய், இரவு 9:20

எல்லோரும் பெரியவர்கள், மரியாதையோடுதான் கேட்கிறேன். ஒரு பிரேம், அரைப் பிரேம் என்று இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? நான் யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும்தான் செய்கிறேன். பார்ப்பவர் யாருக்கும் 40 மில்லிநொடி தெரியாது. நேரத்தைக் கதையிலும் ஒலியிலும் செலவழிக்கலாமே.

வெட்டுமேசை | செவ்வாய், இரவு 10:01

பார்ப்பவருக்குத் தெரியாது என்பது சரி. உங்கள் வேலைக்கு அது போதும். யூடியூபுக்கு 29.97-இல் கொடுத்தாலும் 25-இல் கொடுத்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும். மேல்வரம்பை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்: ஷார்ட்ஸ் 3 நிமிடத்துக்குள், பம்பர் என்ற குறுவிளம்பரம் 6 நொடிக்குள். ஒரு பிரேம் குறைவாகவே வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

சேனல் கதை வேறு. அங்கே மனிதர் உட்கார்ந்து பார்ப்பதில்லை, பட்டியல் போட்டால் கணினி வரிசையாக ஓட்டும். விளம்பர நேரத்தை 10 நொடிக் கணக்கில் விற்பது நம் ஊர் வழக்கம். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம்தான் விளம்பரத்துக்கு என்பது விதி. அதை முழுக்க 30 நொடி விளம்பரங்களால் நிரப்பினால் 24 வரும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரேம் நீண்டால் 24 பிரேம், கிட்டத்தட்ட ஒரு நொடி. கடைசி விளம்பரத்தின் வாலில் கடையின் தொலைபேசி எண் இருக்கும்போது வெட்டு விழுந்தால், காசு கொடுத்த கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

மல்லிகைப்பந்தல் | புதன், காலை 7:30

வேகவண்டி தம்பிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன், எனக்கும் உதவி வேண்டும்.

என் அப்பா அம்மாவின் மணிவிழா அடுத்த மாதம். மண்டபத்தில் ஓட்ட 60 புகைப்படங்களை ஒரு பாட்டோடு கோத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு தாளத் தட்டுக்கு ஒரு படம் மாற வேண்டும். பாட்டு நிமிடத்துக்கு 110 தட்டு என்று ஒரு செயலி சொன்னது. நான்கு தட்டு என்றால் 2.18 நொடி. 25 பிரேமில் 2 நொடி 5 பிரேம்தான் அதற்கு அருகில் வருகிறது. எல்லாப் படத்துக்கும் 2:05 கொடுத்தேன். முதல் ஏழெட்டுப் படம் அழகாகத் தாளத்தில் விழுகிறது. பாதியில் தள்ளாடுகிறது. கடைசியில் தட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். நீளம் எல்லாம் துல்லியமாகத்தான் இருக்கிறது, ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட்டேன்.

கரிசல்மண் | புதன், காலை 8:45

அக்கா, நீளம் துல்லியமாக இருப்பதுதான் பிரச்சினை.

நான்கு தட்டு என்பது 54.545 பிரேம். நீங்கள் 55 கொடுத்திருக்கிறீர்கள். படத்துக்கு அரைப் பிரேம்கூட இல்லை, ஆனால் அந்த மிச்சம் அழியாது, அடுத்த படத்தின் தலையில் ஏறும். 60 படத்துக்கு 27 பிரேம், ஒரு நொடிக்கும் மேலே.

தீர்வு: பாதிப் படத்துக்கு 55, பாதிப் படத்துக்கு 54 என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

வெட்டுமேசை | புதன், காலை 9:30

கரிசல்மண் சொன்ன காரணம் சரி, தீர்வில் எனக்கு ஒப்புதல் இல்லை. மாற்றி மாற்றிக் கொடுத்தால் சராசரி 54.5, தேவை 54.545. 60 படத்தில் வித்தியாசம் மூன்று பிரேம்தான், பரவாயில்லை என்று விடலாம். ஆனால் பாட்டு மாறினால் மறுபடி கணக்குப் போட வேண்டும்.

நீளத்தை வைக்காதீர்கள் அம்மா, வெட்டு விழும் இடத்தை வையுங்கள். முதல் வெட்டு 54.5-இல், முழு எண்ணாக்கினால் 55. இரண்டாவது 109.09, அதாவது 109. மூன்றாவது 163.6, அதாவது 164. இப்படி ஒவ்வொரு இடத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு முழு எண்ணாக்கினால் பிழை ஒருபோதும் அரைப் பிரேமைத் தாண்டாது. நீளம் தானாக 55, 54, 55, 54 என்று வரும், 11 படம் முடியும்போது சரியாக 600 பிரேம், 24 நொடி. அடுத்த 11-க்கு முதலிலிருந்து அதே வரிசை.

கரிசல்மண் | புதன், காலை 9:52

ஒத்துக்கொள்கிறேன். 11-வது படமும் 55, அடுத்த வரிசை மறுபடி 55-இல் தொடங்குகிறது. இரண்டு 55 அடுத்தடுத்து வருவதை என் முறை தவறவிடும்.

அடிக்கணக்கு | புதன், காலை 11:10

மகளே, அது என்ன காலத்துப் பாட்டு? பழைய பாட்டென்றால் இந்தக் கணக்கு எதுவும் முழுதாக உதவாது. அப்போது வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். பல்லவியில் ஒரு வேகம், இடையிசையில் ஒரு இழை கூடும், சரணத்தில் சற்றுத் தளரும். 110 என்று செயலி சொன்னது சராசரிதான்.

காதால் செய்யுங்கள். பாட்டை ஓடவிட்டு, தட்டு விழும்போதெல்லாம் ஒரு மார்க்கர் (அடையாளக் குறி) வையுங்கள். ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, பிந்திய மார்க்கர்களை ஒன்றிரண்டு பிரேம் முன்னால் தள்ளுங்கள். நாங்கள் ஒலிநாடாவின் மேல் சைனாகிராஃப் மெழுகுப் பென்சிலால் போட்ட கோட்டுக்கும் இதுவே வேலை.

வெட்டுமேசை | புதன், காலை 11:40

ஐயா சொன்னதே முறை. பிரீமியரிலும் ரிசால்விலும் எம் விசை மார்க்கர் வைக்கும். கேடென்லைவில் மார்க்கர் வைத்த பிறகு ஸ்நாப் இயக்கத்தில் இருந்தால் கிளிப்பின் ஓரம் தானாக அதில் போய் ஒட்டும். ஓட்டக்கோட்டை (இப்போது ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) மார்க்கருக்குக் கொண்டு போய், பிறை அடைப்புக்குறி விசையைத் தட்டினாலும் கிளிப்பின் முனை அங்கே வந்துவிடும்: திறக்கும் பிறை தலைக்கு, மூடும் பிறை வாலுக்கு. பிரீமியர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. படங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்து "ஆட்டோமேட் டு சீக்வென்ஸ்" கொடுத்தால் மார்க்கருக்கு ஒரு படமாகக் கோத்துத் தரும்.

வேகவண்டி | புதன், மதியம் 2:20

மல்லிகைப்பந்தல் அக்கா சொன்னது எனக்குப் புரிந்தது. ஒரு பிரேம் தெரியாது, 27 பிரேம் தெரியும். ஒரு கேள்வி: 20 படம், ஆளுக்கு 5 நொடி, நடுவில் 1 நொடி டிசால்வ் (ஒரு படம் மங்கி அடுத்தது தெளிவது). 100 நொடி வரவேண்டிய வீடியோ ஷாட்கட்டில் 81 நொடியாக வருகிறது. நண்பர் பிரீமியரில் செய்தால் 100 வருகிறது. ஏன்?

கரிசல்மண் | புதன், மதியம் 3:05

ஷாட்கட்டில் ஒரு கிளிப்பை இன்னொன்றின் மேல் ஏற்றினால் டிசால்வ் பிறக்கிறது. ஏறிய அளவு மொத்தத்தில் குறையும். 20 படத்துக்கு இடையில் 19 டிசால்வ், 100-இல் 19 போனால் 81. பிரீமியரில் கிளிப்கள் இடம் நகராது, வெட்டின் இரு பக்கமும் மறைந்திருக்கும் மிச்சக் காட்சியை எடுத்துக் கலக்கும். புகைப்படத்துக்கு மிச்சம் எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. ஓடும் காட்சியில் முன்னும் பின்னும் மிச்சம் விட்டு வெட்டியிருக்க வேண்டும்.

ஷாட்கட்டில் 100 நொடி வேண்டுமென்றால் 2,500 பிரேமோடு டிசால்வுக்கு 19×25 சேர்த்து 2,975. 20-ஆல் வகுத்தால் 148.75. அதனால் 15 படத்துக்கு 149, 5 படத்துக்கு 148.

பனிமழை | புதன், இரவு 11:30

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 29.97 பழக்கம், அதனால் ஒரு சேர்க்கை. 30 நொடிக்கு 0.03 என்பது ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி. நான் முதன்முதலில் செய்த ஒரு மணி நேர நிகழ்ச்சி இப்படித்தான் நீண்டு, முடிவுப் பட்டியலில் உழைத்தவர்களின் பெயர் பாதியில் போய்விட்டது. இன்றும் அது மனதில் இருக்கிறது.

1953-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, வண்ணத்துக்கான அலை ஒலி அலையோடு மோதாமல் இருக்க 30-ஐ 29.97 ஆக்கினார்கள். அதைச் சமாளிக்கத்தான் டிராப் பிரேம் டைம்கோடு, அதாவது பிரேம்களுக்கு இடும் ஒரு வகை நேர எண். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிவிடும், 10, 20 போன்ற பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டாது. மணிக்கு 108 எண். பெயர்தான் டிராப், ஒரு பிரேமும் விழாது, எண் மட்டும்தான் தாண்டும். எண்களுக்கு நடுவே அரைப்புள்ளி தெரிந்தால் அது டிராப். வட அமெரிக்கச் சேனலுக்குக் கொடுப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். இந்தியா, இலங்கைக்கு 25 என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

பொதிகைச்சாரல் | வெள்ளி, மாலை 6:15

ஏற்றுக்கொண்டார்கள்! 750 பிரேம் என்று எழுதி அனுப்பினேன், ஒலி பிசிஎம். சேனலில் இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைக்காரர் இப்போது இதிலேயே 10 நொடி ஒன்றும் கேட்கிறார். ரெண்டர் ஆன கோப்பையே, மறுபடி என்கோடிங் இல்லாமல் லாஸ்லெஸ்கட்டில் வெட்டிக் கொடுக்கலாமா?

வெட்டுமேசை | வெள்ளி, மாலை 6:48

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. வேண்டாம், திட்டத்துக்கே போங்கள். என்கோடிங் இல்லாமல் வெட்டினால் கீபிரேம் (முழுப் படமாகவே சேமித்த பிரேம்) இருக்கும் இடத்தில்தான் காட்சி சுத்தமாகத் தொடங்கும். வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264-இன் இயல்பு அமைப்பில் இரண்டு கீபிரேமுக்கு இடையே 250 பிரேம் வரை போகலாம், 25-இல் அது 10 நொடி. நீங்கள் கேட்கும் இடத்துக்கும் அது வெட்டும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. திட்டத்தை வேறு பெயரில் சேமித்து, 250 பிரேமுக்குள் புதிதாகக் கோத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணுக்கு 75 பிரேமாவது விடுங்கள், வயதானவர்களும் படிக்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, இரவு 9:10

மார்க்கர் வைத்து முடித்துவிட்டேன். இரண்டு இரவு ஆனது. ஐயா சொன்னது போலவே சரணத்தில் பாட்டு தளர்கிறது, அங்கே சில படங்கள் 57 பிரேம் வரை போகின்றன. அம்மா அப்பாவின் கல்யாணப் படம் பல்லவி திரும்பும் தட்டில் சரியாக விழுகிறது. தங்கையிடம் மட்டும் காட்டினேன், அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி மறுபடி பார்த்தாள்.

அடிக்கணக்கு | ஞாயிறு, இரவு 9:35

அந்த ஒரு படத்துக்கு மட்டும் நான்கு தட்டை எட்டாக்கிவிடு மகளே. பார்க்க நேரம் கொடு.